டெனெரே மணலில் 170 கண்ணாடிகள்

கூகுள் எர்த்தில் 16°51′53″ வடக்கு, 11°57′13″ கிழக்கு என்று போட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்காவில், நைஜர் நாட்டின் வடகிழக்குப் பாலைவனத்தில் போய் நிற்கும். முதலில் மணலைத் தவிர ஒன்றுமே தெரியாது. சாலை கிடையாது, ஊர் கிடையாது, மரம் கிடையாது. பொறுமையாக ஜூம் செய்துகொண்டே போனால் ஒரு கறுப்பு வட்டம் தெரியும். அதற்குள் ஒரு விமானம். வட்டத்துக்கு வெளியே நான்கு திசைக்கும் நான்கு அம்புக்குறிகள். பெரிய திசைகாட்டி ஒன்றை யாரோ மணலில் வைத்துவிட்டுப் போனது போல.

இது வேற்றுக்கிரகவாசி சமாச்சாரம் என்று யூட்யூபில் சொல்பவர்களைப் புறந்தள்ளிவிடலாம். இது ஒரு நினைவுச்சின்னம். 1989 செப்டம்பர் 19 அன்று வெடித்துச் சிதறிய யூ.டி.ஏ 772 என்ற பிரெஞ்சு விமானத்தில் இறந்த 170 பேருக்காக, அவர்களுடைய குடும்பத்தினர் 2007-இல் கட்டியது. லாக்கர்பி என்றால் பலருக்கும் தெரியும். இந்திய விமானம் என்பதால் கனிஷ்காவும் நமக்குத் தெரியும். ஆனால் லாக்கர்பிக்கு ஒன்பது மாதம் கழித்து, கிட்டத்தட்ட அதே மாதிரி நடந்த இந்தச் சம்பவம் பிரான்சுக்கு வெளியே பெரும்பாலும் மறந்துபோய்விட்டது. ஏன் மறந்துபோனது என்பதற்கும், இப்படி ஒரு விநோதமான சின்னம் எழுந்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் எண்ணம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காங்கோவின் பிரஸ்ஸவில் நகரிலிருந்து சாட் நாட்டுத் தலைநகர் என்ஜமீனா வழியாகப் பாரிஸ் போக வேண்டிய டிசி-10 ரக விமானம். என்ஜமீனாவிலிருந்து கிளம்பி 46 நிமிடத்தில், சுமார் 35,000 அடி உயரத்தில், சரக்குப் பகுதியில் இருந்த பெட்டி வெடித்தது. பயணிகள் 156, பணியாளர்கள் 14. ஒருவரும் பிழைக்கவில்லை. அவ்வளவு உயரத்தில் உடைந்தால் துண்டுகள் ஒரே இடத்தில் விழாது. காற்றும் வேகமும் சேர்ந்து மைல் கணக்கில் இறைத்துவிடும். விழுந்த இடத்தின் பெயர் டெனெரே. துவாரெக் மக்களின் மொழியில் அதற்குப் பொருளே பாலைவனம்தான். சகாரா என்றாலும் அரபியில் பாலைவனம். ஆக, பாலைவனத்துக்குள் இருக்கும் பாலைவனம்.

டெனெரேயில் ஒரு காலத்தில் ஒற்றை வேலமரம் ஒன்று நின்றது. சுற்றிலும் பல நூறு கிலோமீட்டருக்கு வேறு மரமே இல்லை என்பதால், அந்த ஒரு மரத்தை வரைபடத்திலேயே குறித்து வைத்திருந்தார்கள். 1973-இல் ஒரு லாரி வந்து மோதிச் சாய்த்துவிட்டது. அத்தனை பெரிய வெளியில், இருந்த ஒரே மரத்தின் மேல்! காய்ந்த மரத்தை நியாமே அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது நின்ற இடத்தில் இப்போது உலோகத்தில் ஒரு மரம் நிற்கிறது. அந்தப் பிரதேசம் எப்படிப்பட்டது என்று புரிவதற்காகச் சொன்னேன்.

குண்டு வைத்தது யார்? பிரெஞ்சு நீதிபதி ஜான் லூயி புரூகியேர் பல வருடம் விசாரித்தார். எண்பதுகளில் சாட் நாட்டுக்கும் கடாஃபியின் லிபியாவுக்கும் போர். டொயோட்டா பிக்கப் வண்டிகளில் துப்பாக்கியைப் பொருத்திக்கொண்டு லிபியாவின் டாங்கிகளைச் சாட் படை விரட்டியதால் அதன் கடைசிக் கட்டத்துக்கு டொயோட்டா போர் என்றே பெயர். சாட்டுக்குப் பின்னால் பிரான்ஸ் இருந்தது. அந்தக் கோபம்தான் காரணம் என்பது விசாரணையின் முடிவு. 1992-இல் நீதிபதி பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் லிபியாவுக்கே கிளம்பிப் போனார், உள்ளே விடவில்லை. 1999 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் ஆறு லிபியர்களுக்கு, அவர்கள் ஆஜராகாமலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. அதில் ஒருவர் கடாஃபியின் மைத்துனரும் உளவுத்துறைத் தலைவர்களில் ஒருவருமான அப்துல்லா செனுசி. ஆறு பேரில் யாரையும் பிரான்ஸால் ஒருநாள்கூடச் சிறையில் வைக்க முடியவில்லை.

இனி பணக் கணக்கு. எனக்கு மனசை உறுத்தியது இந்தப் பகுதிதான்.

2003 ஆகஸ்டில் லாக்கர்பி குடும்பங்களுக்கு 270 கோடி டாலர் தர லிபியா ஒப்புக்கொண்டது. இறந்தவர்கள் 270 பேர், ஆளுக்கு ஒரு கோடி டாலர் வரை. அதுவும் தவணையாக: ஐ.நா. தடை நீங்கினால் இவ்வளவு, அமெரிக்கத் தடை நீங்கினால் இவ்வளவு, பயங்கரவாத நாடுகள் பட்டியலிலிருந்து எடுத்தால் மிச்சம். வீட்டுக் கடன் ஒப்பந்தம் மாதிரி! யூ.டி.ஏ குடும்பங்களுக்கோ 1999 தீர்ப்பின்படி மொத்தமாகச் சுமார் மூன்றரைக் கோடி டாலர்தான் கிடைத்திருந்தது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடைத் தீர்மானங்களில் இரண்டு விமானங்களின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தடை போடும்போது சமமாக இருந்த இரண்டு விமானமும், தடையை நீக்கும்போது சமமாக இல்லை.

கொதித்துப்போனார்கள். பிரான்ஸ் தன் வீட்டோ அதிகாரத்தைக் காட்டி மிரட்டியது. கடைசியில் 2003 செப்டம்பர் 12 அன்று தடை நீங்கியபோது அமெரிக்காவும் பிரான்சும் வாக்களிக்காமல் விலகி நின்றன. இதற்கிடையே, குண்டுவெடிப்பில் அப்பாவை இழந்த கியோம் தெனுவா த சேன் மார்க் என்பவர் மற்ற குடும்பங்களோடு சேர்ந்து லிபியாவோடு நேரடியாகவே பேச ஆரம்பித்தார். எதிரே உட்கார்ந்தது கடாஃபியின் மகன் சைஃப் அல்-இஸ்லாம் நடத்திய அறக்கட்டளை. அறக்கட்டளை, கவனியுங்கள். அரசாங்கம் கொடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அறக்கட்டளை கொடுத்தால் அது தருமம். 2004 ஜனவரி 9 அன்று கையெழுத்தானது: 17 கோடி டாலர். 170 பேர், ஆளுக்குப் பத்து லட்சம். லாக்கர்பிக்குப் பேசியதில் பத்தில் ஒரு பங்கு.

இதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்? அமெரிக்காவின் பேர பலம் வேறு, பிரான்சின் பலம் வேறு என்பது நேரடியான பதில். ஆனால் பயணிகள் பட்டியலையும் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் 54, காங்கோக்காரர் 48, சாட் நாட்டவர் 25, இத்தாலியர் 9, அமெரிக்கர் 7, கேமரூன்காரர் 5. மீதி 22 பேர் இன்னும் பன்னிரண்டு நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆகப் பதினெட்டு நாடு. ஏறக்குறைய பாதிப்பேர் ஆப்பிரிக்கர்கள். காங்கோ அரசோ சாட் அரசோ பாதுகாப்பு அவையில் யாரையும் மிரட்டிப் பணம் வாங்கக்கூடிய நிலையில் இல்லை. பிரெஞ்சுக் குடும்பங்கள் பேசி முடித்த ஒப்பந்தத்தில், எந்த நாட்டவராக இருந்தாலும் 170 பேருக்கும் ஒரே தொகை என்று எழுதியதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். தங்களுக்கு வெளியே கிடைக்காத சமத்துவத்தை, தங்களுக்குள் இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துத்தான் 2007 மே, ஜூன் மாதங்களில் நினைவுச்சின்னம் கட்டினார்கள். கொன்றவன் வீட்டுக் காசில் செத்தவனுக்குக் கல் நடுவதா என்று கேட்கலாம். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. ஆனால் அந்தக் காசுக்கு இதைவிடப் பொருத்தமான செலவு எனக்குத் தோன்றவில்லை.

கட்டுமானத்துக்கு வருவோம். வட்டத்தின் விட்டம் சுமார் 60 மீட்டர். ஏன் அறுபது? டிசி-10-இன் நீளம் ஏறக்குறைய 55 மீட்டர், இறக்கை முனையிலிருந்து முனைக்கு 50 மீட்டர். அதாவது விமானத்தின் உண்மையான அளவிலேயே உருவத்தை வரைய வேண்டும் என்றால் இந்த அளவு வட்டம்தான் சரியாக இருக்கும். கருங்கற்களைப் பரப்பி வட்டத்தை நிரப்பியிருக்கிறார்கள். விமானம் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் கல் போடாமல் வெறும் மணலாக விட்டிருக்கிறார்கள். நாம் விமானம் என்று பார்ப்பது உண்மையில் ஒன்றும் வைக்காமல் விட்ட இடம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வட்டத்தின் பரப்பு சுமார் 2,800 சதுர மீட்டர். விமான உருவத்துக்குத் தோராயமாகக் கழித்தால் 2,000 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் ஒன்பது கிரவுண்டு. அத்தனை இடத்துக்கும் கல்லை 70 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்து லாரியில் கொண்டுவந்தார்கள், ஏனென்றால் அங்கே மணலைத் தவிரக் கல்லே கிடையாது. சுமார் 140 பேர், பெரும்பாலும் கையாலேயே அடுக்கினார்கள். மே மாதம், சகாரா. வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

விளிம்பைச் சுற்றி 170 கண்ணாடிகள், எல்லாம் உடைந்த கண்ணாடிகள். ஆளுக்கு ஒன்று. 60 மீட்டர் விட்டம் என்றால் சுற்றளவு 190 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை 170-ஆல் வகுத்தால் ஒரு கண்ணாடிக்கும் அடுத்ததற்கும் சராசரியாக ஒரு மீட்டரும் கொஞ்சமும். 170 பேர் ஒருவர் பக்கத்தில் ஒருவராக வட்டமாக நின்றால் இருக்கும் இடைவெளி அது. வடிவமைத்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்களா, தானாக அமைந்ததா, நான் அந்த விவாதத்துக்குப் போகவில்லை. எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆட்கள்தான் தெரிந்தார்கள்.

வடக்குத் திசையில் நிமிர்ந்து நிற்பது அந்த விமானத்தின் வலது இறக்கையேதான். பதினெட்டு வருடமாக விழுந்த இடத்திலேயே மணலில் கிடந்தது. சுமார் 16 கிலோமீட்டர் தூரம் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நட்டார்கள். அதில் பெயர்ப் பலகை. செயற்கைக்கோள் படத்தில் இந்த இறக்கையை நேரடியாகத் தேடாதீர்கள். நேர் மேலிருந்து பார்க்கும்போது நிமிர்ந்த தகடு ஒரு கோடு அளவுக்குத்தான் இருக்கும், நிழலைத் தேடுங்கள். வட்டம் தெளிவாகத் தெரிவதற்குக் காரணமும் எளிமையானது. பிக்சலுக்கு அரை மீட்டர் துல்லியம் உள்ள படத்தில் 60 மீட்டர் வட்டத்துக்கு 120 பிக்சல் கிடைக்கும். ஒரு ஐகானுக்கு அது தாராளம். கீழே வெளிர் மணல், மேலே கருங்கல், மாறுபாடும் கச்சிதம்.

நேரில் போய்ப் பார்ப்பது மிகக் கஷ்டமான ஒரு சின்னத்தை, உட்கார்ந்த இடத்திலிருந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கனிஷ்காவை இங்கே ஒப்பிடத் தோன்றுகிறது. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்து கடலுக்கு மேல் வெடித்த அந்த ஏர் இந்தியா விமானத்தில் 329 பேர் இறந்தார்கள். சரியாக ஒரு வருடத்தில், கரையோரத்து அஹகிஸ்டா கிராமத்தில் நினைவிடம் திறந்தார்கள். அங்கே நிற்பது ஒரு சூரியக் கடிகாரம். இங்கே திசைகாட்டி. ஒன்று நேரம் சொல்லும் கருவி, மற்றது திசை சொல்லும் கருவி. அஹகிஸ்டாவுக்கு ஒவ்வொரு ஜூனிலும் குடும்பத்தினர் போகிறார்கள், கிராமத்தினரும் கூடுகிறார்கள். டெனெரேயில் கூட அக்கம்பக்கத்தில் ஆளே கிடையாது. அதனால்தான் வானத்தைப் பார்த்துப் பேசுகிற மாதிரி கட்டினார்கள் என்று நான் வாசித்துக்கொள்கிறேன்.

நம் சங்கப் பாடல்களில் பதுக்கை என்று ஒன்று வரும். பாலை வழியில் போகும்போது ஆறலைக் கள்வரின் அம்பு பட்டு இறந்த வழிப்போக்கர்களின் உடல் மேல் குவித்த கற்குவியல். வீரனுக்கு நட்ட நடுகல் வேறு; இது யாரோ ஒரு பயணிக்கு. போர்க்களத்தில் இல்லாமல், சும்மா வழியில் போனதற்காகச் செத்தவர்களுக்கு. டெனெரேயில் இருப்பதை எந்த வகையில் சேர்ப்பது என்று என்னைக் கேட்டால் பதுக்கை என்றுதான் சொல்வேன்.

செனுசியின் கதை இன்னும் முடியவில்லை. கடாஃபி வீழ்ந்த பிறகு 2012-இல் மௌரிடானியாவில் பிடிபட்டார். பிரான்சும் கேட்டது, லிபியாவும் கேட்டது; லிபியாவுக்கே அனுப்பினார்கள். 2015-இல் திரிப்போலி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, ஆனால் அது 2011 கிளர்ச்சியை ஒடுக்கிய வழக்கில். விமானத்துக்காக அல்ல. முன்னாள் பிரெஞ்சு அதிபர் சர்க்கோசி தேர்தலுக்கு லிபியாவிடம் பணம் பெற முயன்றார் என்ற வழக்கு 2025 ஜனவரியில் பாரிஸில் விசாரணைக்கு வந்தபோது யூ.டி.ஏ குடும்பங்களும் அதில் ஒரு தரப்பாகச் சேர்ந்தன. சர்க்கோசியின் நெருங்கிய சகாக்கள் இருவர், 2005-இல் தனித்தனியே திரிப்போலி போய், தங்கள் நீதிமன்றமே ஆயுள் தண்டனை கொடுத்த செனுசியைச் சந்தித்திருந்தார்கள். செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: சதிக் குற்றச்சாட்டில் சர்க்கோசி குற்றவாளி, மற்றவற்றில் விடுதலை. அவர் மேல்முறையீடு செய்தார். குடும்பத்தினர் சாட்சி சொன்ன அந்த நாட்களின் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன். 1989-இல் பத்து வயதில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைக்கு இப்போது கிட்டத்தட்ட என் வயது.