ஆய்வேடுகளில் வியாக்கியானங்களை மேற்கோளாளும் முறை

அருளிச்செயல் வியாக்கியானங்களைப் பொருளாகக் கொண்டு பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல எழுதப்பெறுகின்றன. அவற்றில் ‘என்று ஈடு கூறுகிறது’ என்னும் தொடர் அடிக்கடி வரும். மேற்கோள் காட்டியாயிற்று என்று ஆய்வாளர் அமைதியுறுகிறார். ஆனால், இது யாருடைய கூற்று, எவ்வழியாக நமக்கு வந்தது என்னும் இரு வினாக்களுக்கும் அத்தொடரில் விடையில்லை.

நம்பிள்ளை அருளிச்செய்த திருவாய்மொழிப் பொருள்களை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியதே ஈடு முப்பத்தாறாயிரப்படி. அதனுள் முன்னோர் நிர்வாகங்களும், ஐதிஹ்யங்களும், இதிகாச புராண வசனங்களும் விரவிக் கிடக்கின்றன. அங்கே பட்டர் நிர்வாகமாக வரும் ஒன்றைப் ‘பட்டர் கூறுகிறார்’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் அதனை ஸ்ரீரங்கராஜ ஸ்தவத்திலும் பகவத்குண தர்ப்பணத்திலும் தேடி அலைவார். ‘பட்டர் நிர்வாகமாக ஈடு காட்டுவது’ என எழுதுவதே நேரிய முறை. இவ்வொரு தொடர், சொன்னவரையும் கேட்டுப் போற்றியவரையும் ஒருங்கே காட்டிவிடும்.

பிரமாண வசனங்களிலும் இக்கவனம் வேண்டும். வியாக்கியாதாக்கள் பல இடங்களில் சுலோகத்தின் முதற்சொற்களை மட்டும் எடுத்துக்காட்டி மேற்செல்வர். கேட்போர் முழுவதும் அறிந்தவர் என்பது அவர்கள் துணிபு. பிற்காலத்தார்க்கு அவ்வறிவு குறைந்தமையால் பிரமாணத்திரட்டுகள் தோன்றின. ஈட்டுக்கு மணவாள மாமுனிகள் திரட்டு அருளினார் என்பது சம்பிரதாயப் பிரசித்தம். ஆய்வாளர் திரட்டின் துணையால் மூலநூலை அடைந்து, வசனத்தின் முன்பின் தொடர்ச்சியையும் பாடத்தையும் கண்டு எழுத வேண்டும். மூலத்தைக் காண இயலாதபோது ‘ஈட்டின் வழி’ என்று குறித்தல் இழுக்கன்று. காணாததைக் கண்டதுபோல் குறிப்பதே இழுக்கு.

ஆசிரியர் பெயரில் நேரும் பிழை ஆய்வின் முடிபையே குலைக்கும். நாலாயிரம் முழுமைக்கும் பெரியவாச்சான் பிள்ளை வியாக்கியானம் அருளினார் என்பது உண்மை. ஆயினும் பெரியாழ்வார் திருமொழிக்கு அவர் அருளியதில் பெரும்பகுதி அழிந்துபோக, அழிந்த அளவுக்கு மாமுனிகள் உரையிட்டு நிரப்பினார். இதனை அறியாமல் அப்பகுதியின் நடையைக் கொண்டு பெரியவாச்சான் பிள்ளையின் மணிப்பிரவாளத்தை ஆராய்பவர், ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியை ஒரே காலமாக்கி விடுகிறார்.

பதிப்பையும் தவறாது குறிக்க வேண்டும். பு.ரா. புருஷோத்தம நாயுடு எழுதிய ஈட்டின் தமிழாக்கம், சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பத்துத் தொகுதிகளில் வந்து பலர்க்கும் பயன்படுகிறது. அதன் தமிழ்த் தொடரை எடுத்தாண்டு ‘ஈட்டின் சொல்’ என்று எழுதலாகாது; பொருள் ஈட்டினது, சொல் நாயுடு அவர்களுடையது. சொல்லாராய்ச்சி செய்வோர் மணிப்பிரவாள மூலத்தையே நாட வேண்டும். பாசுரங்களின் தொடரெண்ணும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். திருமடல்களைக் கணக்கிடும் முறை வேறுபடுவதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே திருவாய்மொழியைப் பத்து, திருவாய்மொழி, பாசுரம் என 1-1-1 என்னும் முறையில் சுட்டுவது நன்று. வியாக்கியானமாயின் அவதாரிகையா, பாசுர உரையா என்பதையும் சேர்த்து, பதிப்பின் பக்க எண்ணைப் பின்னர்த் தரலாம்.

இறுதியாக ஒன்று. பிறர் கருத்தைத் தம்முடையதாகக் காட்டுவது திருட்டு என்பதை அனைவரும் அறிவர். தம் கருத்தைப் பூர்வாசாரியர் கருத்தாகக் காட்டுவதும் அதற்குக் குறைந்த பிழையன்று. தம் நெஞ்சில் தோன்றியதைச் சொல்லி, அதுவே பரம்பரையாய் வந்த உபதேசம் என்பாரை மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் வன்மையாகக் கடிந்துள்ளார். ஆய்வாளர் தாமாக ஊகித்தல் குற்றமன்று. ஆராய்ச்சிக்கு அது இன்றியமையாதது. ஆசாரியர் வாக்கு எங்கே முடிகிறது, தம் ஊகம் எங்கே தொடங்குகிறது என்னும் எல்லையைப் படிப்பவர் ஐயமின்றிக் காணுமாறு எழுதினால், ஆய்வும் சிறக்கும், சம்பிரதாயமும் பழுதுறாது.