டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்

தெருமுனை சைக்கிள் கடையில் ‘28 இஞ்ச் டயர்’ என்று கேட்டால், கடைக்காரர் கொக்கியில் தொங்குவதில் ஒன்றைக் கழற்றி நீட்டுவார். பால்காரரும் தபால்காரரும் காலங்காலமாக ஓட்டிய கறுப்பு சைக்கிளுக்கு அது கச்சிதமாக உட்காரும். ரோடு பைக்குக்கு உட்காராது. ரோடு பைக்கின் சக்கரத்தையும் 28 இஞ்ச் என்று சொல்வது உண்டு. ஆனால் கறுப்பு சைக்கிளின் ரிம்மில் டயர் பதியும் இடத்தின் விட்டம் 635 மில்லிமீட்டர், ரோடு பைக்கில் 622. இந்த 13 மில்லிமீட்டர் தெரியாமல் டயர் வாங்கித் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் விலை, கம்பெனி எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைத்தான். ‘25-622’ என்று இருந்தால் அகலம் 25 மில்லிமீட்டர், ரிம் விட்டம் 622. ‘700 x 25சி’ என்று எழுதியிருப்பதும் இதே அளவுதான். 622 மாறக்கூடாது. அகலத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம். காசு மிச்சமாவதும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒல்லி டயர்தான் வேகம் என்று பந்தய வீரர்களே பல காலம் நம்பினார்கள். 23 மில்லிமீட்டர் டயரில் 120 பவுண்டு காற்றைத் திணித்து ஓட்டினார்கள். பிறகு நடந்த சோதனைகள் அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டன. கல்லாய் இறுகிய டயர் ரோட்டின் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. மிதித்த சக்தியில் ஒரு பங்கு அந்தக் குலுக்கலிலேயே கரைந்துவிடும். இன்று தொழில்முறை வீரர்களே 28 மில்லிமீட்டருக்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். நம் ஊர்ச் சாலைகளுக்கு இது இன்னும் பொருந்தும். டயர் அகலமாக இருந்தால் குறைந்த காற்றிலேயே ஓட்டலாம். பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் இரண்டு ஓட்டை விழுவதும் குறையும். வாங்குமுன் பிரேக்கிலும் ஃபிரேமிலும் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டயரைச் சுற்றி நாலு மில்லிமீட்டராவது இடைவெளி தேவை.

அடுத்து, ரப்பருக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. சீமைக்கருவேல முள்ளும் கண்ணாடிச் சில்லும் எல்லோருக்கும் தெரியும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு எதிரி, லாரி டயர் வெடித்துச் சிதறும்போது விழும் தலைமுடி போன்ற எஃகுக் கம்பி. இவற்றைத் தடுக்க ரப்பருக்கும் துணிக்கும் நடுவே ஒரு பாதுகாப்புப் பட்டை வைக்கிறார்கள். கான்டினென்டல் கம்பெனியின் ‘கேட்டர்ஸ்கின்’ டயரில் நடுவில் ஒரு பட்டையும், பக்கவாட்டுக் கிழிசலைத் தாங்க ஓரங்களில் தனி நெசவும் உண்டு. ஷ்வால்பேயின் ‘மாரத்தான் பிளஸ்’ டயரில் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு ரப்பர் அடுக்கே இருக்கிறது. தினமும் அலுவலகம் போய்வருபவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் பந்தய டயரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடை; வேகமாக ஓட்ட ஆசைப்படுபவருக்குச் சுமை. கேட்டர்ஸ்கின் நடுவழி. அதன் ரப்பர் கடினமானது, ஈரச் சாலையில் பிடிமானம் குறைவு என்று ஓட்டுபவர்கள் பலர் சொல்வதால் மழையில் வளைவுகளை நிதானமாக எடுப்பது நல்லது.

விலை குறைந்த வரிசையில் கான்டினென்டல் ‘அல்ட்ரா ஸ்போர்ட்’, விட்டோரியா ‘ஸஃபீரோ’, ஷ்வால்பே ‘லுகானோ’ போன்றவை உண்டு. இவற்றில் கம்பி வைத்த டயர், மடிக்கக்கூடிய டயர் என இரு வகை பார்க்கலாம். மடிக்கும் டயரின் விளிம்பில் கம்பிக்குப் பதில் அராமிட் இழை இருக்கும். எடை கொஞ்சம் குறையும், விலை ஏறும். சிக்கனமாக வாங்க நினைப்பவருக்குக் கம்பி டயரே போதும். ‘டிபிஐ’ எண்ணும் பலரைக் குழப்புகிறது. ஓர் இஞ்சில் எத்தனை நூல் என்ற கணக்கு அது. எண் கூடக்கூடத் துணி மெல்லியதாகி, டயர் மிருதுவாக ஓடும். உறுதி கூடும் என்று அர்த்தமில்லை. அன்றாட ஓட்டத்துக்கு 60 தாராளம்.

விலையைக் கிலோமீட்டரால் வகுத்துப் பார்ப்பதே சரியான கணக்கு. ஒரு பேச்சுக்கு, 1,000 ரூபாய் டயர் 2,000 கிலோமீட்டரில் தேய்ந்து, 2,000 ரூபாய் டயர் 6,000 ஓடினால் எது மலிவு? மறுபக்கம், உச்ச விலையில் விற்கும் பந்தய டயர்கள் வேகத்துக்காகச் செய்தவை, உழைப்புக்காக அல்ல. அவற்றை நீடித்து உழைக்கும் என்று நம்பி வாங்குவது வீண் செலவு. டியூப் இல்லாமல் ஓடும் டியூப்லெஸ் டயருக்கும் இந்தச் சிக்கனக் கணக்கில் இடமில்லை. அதில் ஊற்றும் அடைப்புத் திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும்; சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி ஊற்ற வேண்டும்.

நல்ல டயரையும் காற்று கெடுத்துவிடும். டியூபிலிருந்து காற்று தானாகவே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும், எனவே வாரம் ஒருமுறையாவது அளவு பார்த்து அடிக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் 28 மில்லிமீட்டர் டயருக்கு 70 பவுண்டு அளவில் தொடங்கிப் பார்க்கலாம், முன்சக்கரத்துக்குச் சற்றுக் குறைவாக. பஞ்சரானால் டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கம் ஒரு துணியைச் சுற்றி இழுங்கள். முள்ளோ கம்பியோ உள்ளே நின்றுகொண்டிருந்தால் துணி மாட்டும். இதைச் செய்யாமல் கிளம்பி, ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டாமல் புது டியூபும் பஞ்சராகி நின்றவர்கள் எத்தனையோ பேர்.

பின்டயர்தான் அதிக பாரம் சுமக்கிறது, மிதிக்கும் விசையும் அதன் மேலேயே. அதனால் அது முந்தித் தேயும்; நடுப்பகுதி உருண்டை போய்த் தட்டையாகிவிடும். துணி நூல் வெளியே தெரிந்தால் அன்றே கழற்றிவிட வேண்டும். அந்த நேரத்தில் பலர் செய்யும் தவறு, புது டயரைப் பின்னால் மாட்டுவது. முன்டயர் வெடித்தால் கைப்பிடி கட்டுப்பாட்டை இழந்து ஆள் விழுவார். முன்னால் இருக்கும் டயர் நல்ல நிலையில் இருந்தால் அதைப் பின்னுக்கு மாற்றிவிட்டு, புது டயரை எப்போதும் முன்சக்கரத்தில் மாட்டுங்கள்.