பேத்தை எந்தப் பருவத்து மீன்?

பழவேற்காட்டு வலையில் பேத்தை ஏறினால் யாரும் அதைக் கூடையில் போடுவதில்லை. எடுத்துக் கரையில் வீசிவிடுவார்கள். மிரண்டால் தண்ணீரை விழுங்கியும், வெளியே எடுத்தால் காற்றை விழுங்கியும் பந்துபோல் உப்பிக்கொள்ளும் மீன் அது. விலா எலும்பு இல்லாத உடம்பு, அதனால் வயிறு தாராளமாக விரிகிறது. அதன் ஈரலிலும் சினையிலும் இருக்கும் நஞ்சுக்கு யோஷிசுமி தாஹாரா என்ற ஜப்பானிய அறிஞர் 1909-ல் டெட்ரோடாக்சின் என்று பெயரிட்டார். நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலை அந்த நஞ்சு அடைத்துவிடும். மூளை இட்ட கட்டளை தசைக்குப் போய்ச் சேராது, கடைசியில் மூச்சு நிற்கும். பேத்தையின் நரம்பு வாசல்கள் மட்டும் சற்றே வேறு அமைப்பு கொண்டவை. தன் நஞ்சு தன்னைத் தீண்டாது.

இதே குடும்பத்து மீனை ஜப்பானில் உரிமம் பெற்ற சமையற்காரர்கள் அறுத்துப் பரிமாறுகிறார்கள். அங்கே அதற்கு ஃபுகு என்று பெயர். ஜப்பானியக் குறுங்கவிதையான ஹைக்கூவில் ஃபுகு வந்தால் ‘குளிர்காலம்’ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே பருவம் இருக்கிறது. இத்தகைய பருவச் சொல்லைக் கிகோ என்கிறார்கள். மடவையும் உளுவையும் இலையுதிர்காலத்துக்கு உரியவை, சொறிமீன் கோடைக்கு உரியது. இப்படிப் பல்லாயிரம் சொற்களைப் பருவவாரியாக அடுக்கிய கையேடுகள் சாய்ஜிகி எனப்படும். கவிஞர்களுக்காகத் தொகுக்கப்பட்டவைதான். ஆனாலும் எந்தப் பூச்சி எப்போது கத்தும், எந்த மீன் எப்போது கொழுக்கும் என்று தலைமுறைகள் கவனித்த கவனிப்பின் பதிவேடாகவே நான் அவற்றைப் படிக்கிறேன்.

தமிழுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகளைத் தொல்காப்பியம் வகுத்தது. காருக்கு முல்லை, கூதிருக்குக் குறிஞ்சி என்று நிலத்தோடும் இணைத்தது. கடற்கரை நிலமான நெய்தலுக்கு எற்பாடு என்ற சிறுபொழுதைத் தந்ததே தவிர, தனிப் பெரும்பொழுது எதையும் தரவில்லை. (மருதத்துக்கும் அப்படித்தான்.) பின்னால் வந்த நம்பியகப்பொருள் ஆறு பருவங்களும் நெய்தலுக்குப் பொது என்று சொல்லி முடித்துக்கொண்டது. கடற்கரைக்குத் தனிப் பருவம் உண்டா என்று கேட்டால், பழவேற்காட்டு மீனவர்கள் உண்டு என்பார்கள். அதை உப்பிலும் நீரோட்டத்திலும் கணக்கிடுவார்கள்.

பழவேற்காடு ஏரி இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர்க் காயல். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கில் ஆரணியாறும் வடக்கில் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இருக்காது. இவ்வளவு பரந்து, இவ்வளவு ஆழமில்லாமல் கிடக்கும் நீர் வெயிலுக்கும் மழைக்கும் உடனே ஆட்படும். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஏரியின் சில பகுதிகள் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கடுங்கோடையில் அதே நீர் கடலைவிடக் கரித்துக் கிடக்கும். அப்போது அலை கொண்டுவரும் மணல், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைக்கும். உள்ளிருந்து தள்ள ஆற்றுநீர் இருக்காது.

முகத்துவாரம் அடைபட்டால் முதலில் சிக்குவது இறால். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் நீரோட்டத்தோடு ஏரிக்குள் வந்து, சேற்றிலும் பாசியிலும் சில மாதம் வளர்ந்து, இனம் பெருக்க மறுபடி கடலுக்குப் போகும். போக வர அதற்கு இருப்பது அந்த ஒரு வழிதான். ‘முகத்துவாரம் மூடிற்று’ என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு பருவமும் ஓர் உயிரின் வாழ்க்கைச் சுழற்சியும் பல குடும்பங்களின் அடுப்பும் அடங்கியிருக்கின்றன. இதைவிடச் சிறந்த கிகோவை நான் அறியேன். விளையாட்டாக எழுதிப் பார்த்தால்:

மணல்மேடு —
கடலுக்கு வழி கேட்கிறது
மீசை முளைத்த இறால்

1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் ‘ஜப்பானியக் கவிதை’ என்ற கட்டுரை எழுதி ஹைக்கூ வடிவத்தைத் தமிழருக்குக் காட்டியவர் பாரதி. பின்னாளில் தமிழ்க் கவிஞர்கள் மூன்று அடியை எடுத்துக்கொண்டு, 5-7-5 என்ற ஒலிக்கணக்கை விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு என்பேன். இரு மொழிகளின் அளவுகோலே வேறு. ‘நண்டு’ என்பதில் குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை, குற்றியலுகரத்துக்கு அரை, ஆக நம் இலக்கணப்படி இரண்டு மாத்திரை. ஜப்பானியக் கணக்கில் இடையில் வரும் மூக்கொலியும் ஒரு முழு அலகு, ஆக மூன்று.

நண்டு வளர வேண்டுமானால் ஓட்டைக் கழற்றியாக வேண்டும். பழைய ஓட்டிலிருந்து வெளியே வந்ததும் தண்ணீரை உறிஞ்சி உடம்பை உப்பவைத்து, புது ஓடு இறுகும் முன் அதைப் பெரிதாக விரித்துக்கொள்கிறது. பிறகு நீர் இருந்த இடத்தில் மெல்ல மெல்லச் சதை பிடிக்கிறது. அதனால்தான் புதிதாக ஓடு மாற்றிய நண்டை உடைத்தால் உள்ளே நீர்தான் இருக்கும்.

தொளதொளச் சட்டை —
வளர்ந்தால் சரியாகிவிடும்
நண்டுக்கும்

இனி, பாடு. பிடிபடும் மீனுக்கும் கடற்கரையில் பாடு என்றே பேர். பழவேற்காட்டில் அது ஒரு முறையின் பெயருமாகும். கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில், நீரோட்டத்துக்குக் குறுக்கே கழி நட்டு இறால் வலை கட்டும் இடங்களை ஆளுக்கு ஆள் மாற்றி, சீட்டுப் போட்டு, ஊரே பகிர்ந்துகொள்கிறது. நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாது. வலைகளின் எண்ணிக்கையும் கட்டுக்குள் நிற்கும். பொதுவளத்தைக் காப்பது எப்படி என்று ஆராய்பவர்கள் இந்த முறையைத் தேடிவந்து படித்திருக்கிறார்கள்.

இன்று உன் பாடு
நாளை என் பாடு
என்றும் இறால் பாடு திண்டாட்டம்

மனிதர்களைப் பற்றிய இத்தகைய குறும்புக்கு ஜப்பானில் சென்ரியு என்று தனிப் பெயர் உண்டு. காராய் சென்ரியு (1718–1790) என்ற தொகுப்பாளரின் பெயரே வடிவத்துக்கும் ஆயிற்று. பருவச் சொல் அதில் கட்டாயமில்லை. எண்ணூர், பழவேற்காட்டுக் கழிகளில் வலையே இல்லாமல் இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்தவர்களுக்குச் சென்ரியு தானாகவே வரும். நீரில் கழுத்தளவு அமிழ்ந்து இரு கைகளாலும் சேற்றைத் தடவி, விரலில் படும் அசைவை வைத்தே இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கடித்திருப்பார்கள்.

இரு கையும் சேற்றில்
பல்லிடுக்கில் பறி
இப்போதா மூக்கரிக்க வேண்டும்?

அந்த விரல்களின் அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை. சொற்களும் அப்படித்தான். பூநாரை வரும் மாதம் ஏரி எவ்வளவு உப்பு, மடவை எப்போது சினை பிடிக்கும், எந்தக் காற்றுக்கு எந்த வலை என்பதெல்லாம் பேச்சில் மட்டுமே இருக்கின்றன. பேசுகிறவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகும்போது அவையும் போய்விடும். பழவேற்காட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவந்து, அதற்கு மூன்று அடி எழுதட்டும் என்று ஆசைப்படுகிறேன். விளையாட்டாக எழுதவும் பொருள் தெரிந்திருக்க வேண்டும். ஓடு மாற்றுவது தெரியாமல் நண்டுக்குச் சட்டை தைக்க முடியாது.

அந்த மூன்றடிகளைத் தொகுத்தால் நெய்தலுக்கு ஒரு சாய்ஜிகி கிடைக்கும். ஜப்பானியக் கையேடுகளில் புத்தாண்டுக்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு. நம்முடையது எந்தப் பருவத்தில் தொடங்க வேண்டும்? தொல்காப்பியர் காரிலிருந்து எண்ணுகிறார். ஏரியின் கணக்கில் முதல் பக்கம் கூதிருக்கு உரியது என்பது என் கருத்து. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறுகள் பெருகி, நீர் உள்ளிருந்து முட்டி, முகத்துவாரம் திறப்பது அப்போதுதான்.