சோறு ஏன் தொண்டையில் நிற்கிறது?

கவளத்துக்குக் கவளம் தண்ணீர் குடிக்கும், சப்பாத்தியை வெகுநேரம் மென்றுகொண்டே இருக்கும் குழந்தையை அடம் என்று திட்டுகிறோம். சிலருக்கு உணவுக்குழாயே அழற்சியில் வீங்கியிருக்கும்.

இந்த அழற்சியில் பங்குள்ள இயோசினோபில் ஒருவகை வெள்ளையணு. குடலில் அதற்கு இடமுண்டு, உணவுக்குழாயில் கிடையாது. பால், கோதுமை, முட்டை போன்றவற்றின் புரதத்தை உடல் எதிரியாக எண்ணினால் இந்த அணு உணவுக்குழாயில் குவிகிறது. கவனிக்காமல் விட்டால் ஆண்டுகள் போகப் போகக் குழாய் தழும்பேறிச் சுருங்கலாம்.

இரத்தப் பரிசோதனை போதாதா? போதாது. நம் ஊரில் குடற்புழுவாலும் இந்த அணு இரத்தத்தில் கூடும். தோல் பரிசோதனையும் குற்றவாளி உணவைச் சரியாகக் காட்டாது. எண்டோஸ்கோப்பியில் ஆறு துணுக்குத் திசுவாவது எடுத்து, நுண்ணோக்கியின் ஒரு புலத்தில் 15 அணுக்களுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். உணவை மாற்றிச் சில வாரங்களில் மறுபடியும் அதே சோதனை. பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இது பெரும் சோதனைதான்.

கொல்கத்தாவின் பாலிகஞ்சுக்குப் பக்கத்தில், பார்க் சர்க்கஸில் இருக்கும் குழந்தை நல நிறுவனத்தை டாக்டர் கே. சி. சௌத்ரி 1956-இல் தொடங்கினார். குழந்தை மருத்துவத்தைத் தனித்துறையாக வளர்த்த நகரம் அது. ஆனால் அங்கேயும் இந்த உணவுக்குழாய் அழற்சிக்குக் குழந்தை மருத்துவர் மட்டும் போதாது; குடல் மருத்துவர், ஒவ்வாமை மருத்துவர், திசுவைப் படிப்பவர், உணவியலாளர் எல்லோரும் சேர்ந்தே வேண்டும். பாலை நிறுத்தச் சொல்பவர் சந்தேஷ், மிஷ்டி தோய் போன்ற பால் இனிப்புகள் இல்லாத வங்காளத் தட்டில் சுண்ணாம்புச் சத்துக்கும் வழி சொல்ல வேண்டும். இல்லையேல் குழந்தையின் வளர்ச்சி குன்றலாம்.

அமிலம் குறைக்கும் மருந்து சிலருக்குப் பலிக்கும். புடெசோனைடு என்னும் அழற்சி குறைக்கும் மருந்தைக் குழம்பாக்கி விழுங்கவும் கொடுப்பார்கள். மருந்து குழாய்ச் சுவரில் தங்க, பிறகு அரைமணி நேரம் எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது.