மலைக்குள் மறையும் ஆறு

ஆறு மலையில் பிறந்து கடலில் கலக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஓடுகிற ஆறு நடுவழியில் பூமிக்குள் புகுந்து மறைந்துவிட்டால்? ஐரோப்பாவில் ஸ்லொவீனியா என்னும் சிறிய மலைநாட்டில் ரேக்கா ஆறு அப்படித்தான் மறைகிறது. ஷ்கோட்சியான் என்ற சிற்றூரின் அடியில் குகைக்குள் பாயும் இந்த ஆறு, 30 கிலோமீட்டருக்கும் அப்பால், இன்றைய இத்தாலியின் கடற்கரை அருகே டிமாவோ ஊற்றுகளாக வெளிப்படுகிறது. இடையில் அது எவ்வழியே செல்கிறது? இக்கேள்வியே பலரைக் குகைகளுக்குள் இறங்கத் தூண்டியது.

குகை உண்டாகும் விதம்

மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட மிகுதியாக மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைப் பெற்று, வீரியம் குறைந்த அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லின் விரிசல்களில் இறங்கும்போது கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. மயிரிழை போன்ற விரிசல் பல்லாயிரம் ஆண்டுகளில் குழாயாகிறது, குழாய் குகையாகிறது. இத்தகைய நிலத்தை உலகெங்கும் 'கார்ஸ்ட்' என்கிறார்கள். ஸ்லொவீனியாவின் 'க்ராஸ்' பீடபூமியின் பெயரிலிருந்து வந்த சொல் இது. அந்நாட்டில் பதிவான குகைகள் 10,000க்கும் மேல்.

காற்று காட்டிய வழி

19ஆம் நூற்றாண்டில் இப்பகுதி ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. அதன் துறைமுகமான ட்ரியெஸ்ட் நகரம் வளர வளர, குடிநீர்த் தட்டுப்பாடும் வளர்ந்தது. பீடபூமிக்கு அடியில் ஓடும் ஆற்றைத் தேடிப் புறப்பட்டார் லிண்ட்னர் என்பவர். கண்ணுக்குத் தெரியாத ஆற்றை எப்படித் தேடுவது?

பெருமழைக்குப் பின் சில பாறை இடுக்குகளிலிருந்து காற்று சீறி வந்தது. காரணம் எளியது. சைக்கிள் பம்பின் பிடியை அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறதல்லவா? அதுபோல, குகைக்குள் வெள்ளம் உயரும்போது மேலுள்ள காற்று தள்ளப்படுகிறது. ட்ரெபிசியானோ ஊரருகே அத்தகைய ஓர் இடுக்கை லிண்ட்னரின் ஆட்கள் மாதக்கணக்கில் அகலப்படுத்தி இறங்கினார்கள். 1841 ஏப்ரலில், 329 மீட்டர் ஆழத்தில், ஓடும் நீரைக் கண்டார்கள்! ஆனால் அத்தனை ஆழத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரும் திட்டம் கைகூடவில்லை. அதே ஆண்டில் லிண்ட்னரும் காலமானார்.

ஆறு நுழையும் ஷ்கோட்சியானில் 1884 முதல் ஹாங்கே, மரினிச், முல்லர் மூவரும் உள்ளூர் மக்களின் துணையோடு முன்னேறினார்கள். விளக்கொளியில் அருவிகளைக் கடந்து, செங்குத்துப் பாறையில் படி வெட்டி, 1890இல் 'இறந்த ஏரி' எனப்படும் இடத்தை அடைந்தார்கள். அக்குகைகளை யுனெஸ்கோ 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

உப்பு சொன்ன சாட்சி

ரேக்காவும் டிமாவோவும் ஒரே ஆறுதானா? 1907இல் டிமேயஸ் என்பவர் ஷ்கோட்சியானில் ஆற்று நீரில் லித்தியம் உப்பைக் கலந்தார். அது டிமாவோவில் வந்து சேர்ந்தது, ஐயம் தீர்ந்தது.

இச்சோதனையில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. மணற்படுகையில் ஊறும் நீர் மெல்லக் கசிந்து ஓரளவு வடிகட்டப்படுகிறது. குகை ஆற்றில் அந்த வடிகட்டி இல்லை. உப்பு சென்ற வழியில் அழுக்கும் செல்லும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆலைக் கழிவுகள் ரேக்காவை மாசுபடுத்தின. ட்ரியெஸ்ட் நகரமோ டிமாவோவை அடுத்த ஊற்றுகளிலிருந்து குடிநீர் எடுத்துவந்தது!

ஆகவே, மலைமேல் ஒரு பள்ளத்தில் குப்பையைக் கொட்டுபவர், தொலைவிலுள்ள யாரோ ஒருவரின் குடத்தில் கொட்டுகிறார். ஆறு கண்ணுக்கு மறையலாம். அதில் நாம் கலந்தது மறைவதில்லை.