தரவுத்தளத்தை யார் கையில் ஒப்படைப்பது?

2017 ஜனவரி 31. நெதர்லாந்தில் நள்ளிரவு. மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பல மணி நேரமாகத் தரவுத்தளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பேம் கணக்குகள் ஏற்றிய சுமையில், முதன்மை சர்வரிலிருந்து துணை சர்வருக்குப் போய்க்கொண்டிருந்த நகல் நின்றுவிட்டது. துணை சர்வரில் கிடக்கும் பழைய கோப்புகளைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து நகலெடுக்கலாம் என்று முடிவெடுத்து, அழிக்கும் கட்டளையை அடித்தார். ஓரிரு நொடியில் உறைத்தது: கட்டளை ஓடிக்கொண்டிருந்தது முதன்மை சர்வரில். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப் இருக்கிறதே என்று தேடியபோதுதான் உண்மையான அதிர்ச்சி. தினமும் பேக்கப் எடுக்க வேண்டிய நிரல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.6 பதிப்பு ஓடும் சர்வரில் 9.2-க்கான பழைய கருவியோடு இயங்கி, ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களை, முறையான கையொப்பம் இல்லை என்று அஞ்சல் சர்வர் நிராகரித்துவிட்டது. பேக்கப் போய்ச் சேர வேண்டிய அமேசான் சேமிப்பிடம் காலியாகக் கிடந்தது. தரவுத்தள சர்வர்களுக்கு வட்டு ஸ்னாப்ஷாட் வசதியை யாரும் இயக்கி வைக்கவே இல்லை. வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரத்துக்கு முன்பு கைப்பட எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. மீட்க ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டிய கிட்லேப், அந்தப் பொறியாளரின் பெயரை வெளியிடவில்லை; நடந்ததை ஒளிவுமறைவின்றி அறிக்கையாக எழுதியது. அந்த நேர்மையால்தான் உலகம் முழுக்க உள்ள பொறியாளர்கள் இன்றும் அதைப் படித்துப் பாடம் கற்கிறார்கள்.

கிளவுட் நிறுவனங்கள் தங்கள் தரவுத்தளச் சேவையை விற்பது இப்படிப்பட்ட இரவுகளைக் காட்டித்தான். 2009 அக்டோபரில் அமேசான் ஆர்டிஎஸ் என்ற பெயரில் மைஎஸ்க்யூஎல் சேவையைத் தொடங்கியது. போஸ்ட்கிரெஸ் 2013-இல் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் அஷூர் எஸ்க்யூஎல், கூகுளின் கிளவுட் எஸ்க்யூஎல் எல்லாமே அடிப்படையில் ஒரே ஏற்பாடுதான். சர்வர், இயங்குதளம், வட்டு, பேட்ச், பேக்கப், நகல் ஆகிய எல்லாவற்றையும் கம்பெனி பார்த்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கையில் ஒரு முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும்.

கிட்லேப்பில் நடந்ததை ஆர்டிஎஸ்ஸில் பொருத்திப் பார்த்தால் நன்மை பளிச்சென்று தெரியும். அங்கே வாடிக்கையாளருக்கு சர்வரின் உள்ளே நுழையவே வழியில்லை. ஆகவே கோப்புகளை அழிக்கும் கட்டளைக்கு இடமே இல்லை. துணை நகல் பழுதானால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு சொடுக்கில் புதிதாக எடுக்கலாம். தானியங்கி பேக்கப்பை 35 நாள் வரை வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துக்குள் எந்த நொடிக்கு வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம், பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடம் மட்டும் கைக்கு எட்டாது. இரண்டு மையங்களில் ஓடும் ஏற்பாட்டை வாங்கியிருந்தால், ஒன்று விழுந்ததும் மற்றது வழக்கமாக ஒன்றிரண்டு நிமிடத்தில் பொறுப்பேற்கும். இதையெல்லாம் சொந்தமாகச் செய்ய, அனுபவமுள்ள தரவுத்தள நிர்வாகிகள் (டிபிஏ) குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் விழித்திருக்க வேண்டுமே. பத்துப் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது கட்டுப்படியாகாது.

சென்னையில் பிறந்த மென்பொருள் நிறுவனம் ஃபிரெஷ்டெஸ்க் இப்படித்தான் வளர்ந்தது. தொடக்கத்தில் அமேசான் ஆர்டிஎஸ்ஸில் மைஎஸ்க்யூஎல். வாடிக்கையாளர்கள் பெருகப் பெருக, பெரிய சர்வர். பிறகு படிப்பதற்கென்று தனி நகல்கள். அதுவும் போதாமல் வாடிக்கையாளர்களைப் பல தரவுத்தளங்களுக்குப் பிரித்து வைக்கும் ஷார்டிங். அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கிரிஷ் மாத்ருபூதம் அதற்கு முன் வேலை பார்த்த ஜோஹோவோ நேரெதிர் வழியில் போனது. பொது கிளவுட்டை நம்பாமல், சொந்தத் தரவு மையங்களையே கட்டி நடத்துகிறது. ஒரே ஊர், ஒரே தொழில், இரண்டு பாதை. இரண்டு நிறுவனமும் ஓங்கி வளர்ந்திருப்பதைப் பார்த்தால், எந்தப் பாதை சரி என்று பொதுவாகத் தீர்ப்பெழுத முடியாது என்பது புரியும். ஜோஹோவுக்குப் பல ஆண்டுகளாகச் சேர்த்த ஆட்பலமும் பொறுமையும் இருந்தன. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அவை இருப்பதில்லை.

இனி குறைகளுக்கு வருவோம். அவற்றை விற்பனைப் பக்கங்களில் தேட முடியாது, அனுபவத்தில்தான் தெரியவரும்.

முதலாவது, உரிமை. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூட உரிமையாளரைக் கேட்க வேண்டியிருப்பது போல, இங்கே முழு அதிகாரமுள்ள நிர்வாகக் கணக்கு வாடிக்கையாளருக்குக் கிடையாது. போஸ்ட்கிரெஸ்ஸில் அமேசான் அனுமதித்த நீட்சிகளை மட்டுமே சேர்க்கலாம். உங்களுக்குத் தேவையான நீட்சி பட்டியலில் இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வரம்புகள். அமேசானின் ஜிபி2 என்ற பழைய வகை வட்டில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம். அதில் 100 ஜிபி வாங்கினால் கணக்குப்படி கிடைப்பது நொடிக்கு 300 வட்டுச் செயல்பாடு. ஆனால் சேமித்து வைத்த கிரெடிட்டை வைத்துக்கொண்டு 3,000 வரை பாய முடியும், அரை மணி நேரத்துக்கு. சோதனையில் எல்லாம் பறக்கும். தீபாவளித் தள்ளுபடி அன்று கூட்டம் வந்ததும் முதல் அரை மணி நேரம் அமோகம். பிறகு கிரெடிட் தீர்ந்து தளம் திடீரென்று தவழும். புரோகிராமர்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பார்கள். சிக்கலோ வட்டின் கிரெடிட் மீதியைக் காட்டும் ஒரு சின்ன வரைபடத்தில் இருக்கும். ஜிபி3 என்ற புதிய வகை வட்டு வந்த பிறகு இந்தத் தொல்லை பெரிதும் குறைந்தது. ஆனாலும் பழைய வட்டிலேயே ஓடும் தளங்களுக்கு இந்த ஆபத்து அப்படியே இருக்கிறது.

ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீட்கும்போதும் இப்படி ஒன்று உண்டு. மீட்பு எப்போதும் புதிய சர்வராகத்தான் வரும், முகவரி மாறும். அதைவிட முக்கியமானது, 'தயார்' என்று பச்சை விளக்கு எரிந்த பிறகும் தரவு முழுவதும் வட்டுக்கு வந்திருக்காது. கேட்கக் கேட்கத்தான் பின்னணிச் சேமிப்பிலிருந்து ஒவ்வொரு துண்டாக இறங்கும். அதனால் முதல் சில மணி நேரம் சாதாரண வினவல்கூட நத்தையாக நகரும். ஒருமுறைகூட மீட்டுப் பார்க்காதவர்களுக்கு இது நெருக்கடி நேரத்தில்தான் தெரியவரும்.

மூன்றாவது, பணம். 37சிக்னல்ஸ் நிறுவனத்தின் டேவிட் ஹெய்ன்மெயர் ஹான்சன் 2022 அக்டோபரில், கிளவுட்டை விட்டு வெளியேறுகிறோம் என்று அறிவித்தார். இணையச் செயலிகளைக் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸை உருவாக்கியவர் என்பதால் அது பெரிய செய்தியானது. அமேசானின் தரவுத்தளத்துக்கும் தேடல் சேவைக்கும் மட்டும் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலருக்கு மேல் கொடுப்பதாக அவர் எழுதினார். சொந்தமாக டெல் சர்வர்கள் வாங்கி, 2023-இல் தங்கள் செயலிகளை அவற்றுக்கு மாற்றினார்கள். புதிதாக ஆள் எடுக்கவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர்களிடம் ஏற்கெனவே சர்வர் நடத்திப் பழகிய குழு இருந்தது, தரவு மையத்தில் இடமும் இருந்தது. அந்தக் கணக்கை அப்படியே எடுத்துத் தன் நிறுவனத்துக்குப் பொருத்துகிறவர் ஏமாந்துபோவார்.

பழைய பதிப்பில் உட்கார்ந்திருப்பதற்கும் விலை உண்டு. மைஎஸ்க்யூஎல் 5.7-க்கான வழக்கமான ஆதரவை ஆர்டிஎஸ் 2024 பிப்ரவரி 29-உடன் முடித்துக்கொண்டது. மாறாதவர்களிடம் நீட்டிக்கப்பட்ட ஆதரவு என்று தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கியது; வர்ஜீனியா மையத்தில் அப்போது ஒரு விசிபியு-வுக்கு (மெய்நிகர் செயலி) மணிக்கு 10 சென்ட். கேட்க அற்பமாக இருக்கும். நான்கு விசிபியு உள்ள நடுத்தர சர்வருக்குப் பெருக்கிப் பார்த்தால் மாதம் சுமார் 290 டாலர். துணை மையத்திலும் நகல் ஓடினால் அது இரட்டிப்பு. வழக்கமான வாடகை இதில் சேராது. சொந்த சர்வரில் பழைய பதிப்பை ஓட்டுவது பாதுகாப்பில்லாத வேலைதான். ஆனால் எப்போது மாறுவது என்பதையாவது நீங்களே முடிவு செய்யலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, நிம்மதியாக இருந்துவிடலாம் என்ற நினைப்பு. 2023 மே 24 அன்று பிரேசிலில் நடந்தது இதற்குச் சாட்சி. மைக்ரோசாஃப்டின் அஷூர் டெவ்ஆப்ஸ் குழு, தன் சொந்த நிறுவனத்தின் அஷூர் எஸ்க்யூஎல் சேவையைத்தான் பயன்படுத்துகிறது. சோதனைக்காக எடுத்த பழைய நகல் தரவுத்தளங்களை அழிக்கும் நிரலில் ஒரு பிழை: தரவுத்தளத்தை அழி என்ற இடத்தில், அதைத் தாங்கும் சர்வரை அழி என்று எழுதிவிட்டார்கள். உள் சோதனையில் பிழை சிக்கவில்லை. அழிக்கும் அளவுக்குப் பழைய நகல் அங்கே இல்லை. தெற்கு பிரேசில் எனப்படும் மையத்தில் இருந்தது. சர்வர் போனது, அதோடு 17 தரவுத்தளங்களும் போயின.

சேவை முழுதாகத் திரும்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. தரவு எதுவும் தொலையவில்லை. அந்தப் பெருமை சேவையின் பேக்கப்புக்கே சேரும். ஆனால் அழிந்த சர்வரை வாடிக்கையாளர் தானே மீட்டெடுக்க முடியாது என்பதால், மைக்ரோசாஃப்டின் ஒரு குழு இன்னொரு குழுவின் உதவிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம். சேவையை உருவாக்கிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், கோயம்புத்தூரிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து உதவிச் சீட்டு எழுதும் சிறு நிறுவனம் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கணக்குப் போட்டு வைப்பது நல்லது. முக்கியமானவற்றுக்கு அழிப்புத் தடைப் பூட்டு போடுவது மைக்ரோசாஃப்ட் எடுத்த திருத்த நடவடிக்கைகளில் ஒன்று. ஆர்டிஎஸ்ஸிலும் அப்படியொரு பூட்டு உண்டு. அமைப்பில் ஒரு பெட்டியை டிக் செய்தால் போதும், கட்டணமும் இல்லை.

எதுவரை இந்தச் சேவை தாங்கும் என்பதற்கு ஃபிக்மா நல்ல அளவுகோல். 2020-இல் அந்த வடிவமைப்பு நிறுவனத்தின் தரவு முழுவதும் ஆர்டிஎஸ்ஸின் மிகப் பெரிய ஒற்றைச் சர்வரில் இருந்தது. சில ஆண்டுகளில் அட்டவணைகள் பல டெராபைட்டாக வீங்கி, ஆர்டிஎஸ் தரும் வட்டு வேகத்தின் உச்சத்தை நெருங்கின. வேறு சேவைக்குத் தாவாமல், அட்டவணைகளைப் பல தரவுத்தளங்களாகப் பிரித்து, பிறகு ஷார்டிங் அடுக்கையும் சொந்தமாகவே எழுதினார்கள். கைவசம் இருந்த அனுபவம் ஆர்டிஎஸ்ஸில். அதைக் கைவிடுவதில் உள்ள ஆபத்துதான் பெரிது என்று எடை போட்டார்கள். 2023-இல் ஷார்டிங் முறையில் முதல் அட்டவணையைப் பிரித்தபோது பாதிப்பு பத்து நொடிதான். பெரும்பாலான நிறுவனங்கள் அந்த அளவை எட்டப்போவதே இல்லை. அவர்களுக்கு ஆர்டிஎஸ் போன்ற சேவைதான் சரியான தொடக்கம், அந்தக் கட்டணமும் கொடுக்கத் தகுந்ததே. ஆனால் மீட்பு ஒத்திகையைக் கம்பெனி செய்யாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு ஸ்னாப்ஷாட்டை எடுத்துப் புது சர்வராக எழுப்பி, செயலியை அதோடு இணைத்து, எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வைப்பவர் உள்ளேயே ஒருவர் வேண்டும்.

வெளியேறும் வழியையும் நுழையும்போதே பார்த்துக்கொள்வது நல்லது. 2024 ஜனவரியில் கூகுளும் மார்ச்சில் அமேசானும், தங்கள் கிளவுட்டை விட்டு முழுதாகக் கிளம்புகிறவர்களிடம் தரவை வெளியே எடுப்பதற்கான கட்டணத்தை வாங்குவதில்லை என்று அறிவித்தன. வழக்கமான மைஎஸ்க்யூஎல்லிலோ போஸ்ட்கிரெஸ்ஸிலோ இருப்பவர், வெளியே ஒரு சர்வரை நகலாக இணைத்து, இரண்டும் சமமானதும் ஒரு ஞாயிறு அதிகாலையில் மாறிவிடலாம். அந்தந்தக் கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும் வசதிகளைச் செயலி முழுக்க இழைத்துவிட்டவர்கள், தரவை எடுத்த பிறகும் நிரலை மாதக்கணக்கில் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.