பழுது பார்ப்பதா, புதுக்குவதா?

இரணைமடுக் குளத்தின் கீழ்க் காலபோகத்துக்கு வயல்களை உழும் நாளில் உழவு இயந்திரம் நின்றுவிட்டால், கமக்காரருக்கு ஒரு போகமே தவறிப் போகலாம். ரேடியேற்றரில் நீர் குமிழியிடுவதும், புகைக்குழாயில் வெண்புகை எழுவதும், எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளிறுவதும், சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் இடையிலுள்ள 'ஹெட் கஸ்கெட்' என்னும் மெல்லிய தகடு பழுதுற்றதற்கு அறிகுறிகளாம்.

தகடு போனதனால் இயந்திரமே போயிற்று என்பதில்லை. சூடேறியதும் நிறுத்தினாரா, வயலை முடித்துவிடலாமென்று மேலும் ஓட்டினாரா என்பதே முதற் கேள்வி. உடனே நிறுத்தியிருப்பின், மூடியைக் கழற்றி, நேர்ச்சட்டம் வைத்து வளைவையும், கூர்ந்து நோக்கி வெடிப்பையும் ஆராய்தல் வேண்டும். சிறு வளைவைப் பட்டறையில் சீவிச் சமப்படுத்திப் புதுத் தகடு இட்டாற் போதும்.

நீர் கலந்த எண்ணெயுடன் நெடுநேரம் ஓடியிருந்தாலோ, பெயரிங்குகள் அரிபட்டிருக்கும். சிலிண்டர்ச் சுவர் கீறுண்டிருக்கும். அங்கே தகட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. இயந்திரத்தை முற்றாகப் பிரித்துப் புதுக்குவதே சிக்கனம்.

எவ்வழியாயினும், சூடேறிய காரணத்தைக் களைய வேண்டும். ரேடியேற்றரில் அடைப்பு இருக்குமாயின், இன்று இட்ட தகடும் நாளை கருகும்.